டீ டம்ளரும் என் வலது கையும்

தங்கராசு அண்ணாச்சி டீ டம்ளரைக் கொண்டுவந்து என் ஆம்ப்ளிஃபையரின் தலையில் வைத்தார். எவர்சில்வர் டம்ளர். முக்கால் டம்ளர் டீ. மேலே ஆடை படிந்திருந்தது.

"வாசிம்மா" என்றார்.

கயத்தாற்றுக்குக் கிழக்கே ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. மணி நாலு இருக்கும். ஏழு மணிக் கச்சேரிக்காக மேடையில் வயர் இழுத்துக்கொண்டிருந்தோம். கீழே பந்திக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்; அந்தக் காரம் என் கண் வரைக்கும் வந்தது. நான் கிட்டாரின் ஆறாவது தந்தியை, இருப்பதிலேயே தடித்த தந்தியை, நான்கு முறை அடித்தேன்.

டம்ளரில் டீ நடுங்கியது. ஆடை இரண்டாகக் கிழிந்து ஓரத்தில் ஒதுங்கியது. விழாக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

சத்தம் மட்டும் சகிக்கவில்லை. நான் அடித்தது நாலு அடி. வெளியே வந்தது ஒரே அடி. கூழ் மாதிரி, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாமல்.

அண்ணாச்சியின் கையில் மைக் இருந்தது. அதை அணைக்காமலே பேசினார்.

"பேச்சிம்மாவுக்குக் கையில பலம் பத்தல. வயசும் ஆகுதுல்லா. பொம்பளைக் கை வேற. அமுத்தி அடிச்சாத்தானே சத்தம் கட்டா வரும்."

எட்டுப் பெட்டிகளிலும் அது கேட்டது. அவருடைய குரல் மட்டும் ஸ்பீக்கர்களில் நல்ல கட்டாக, இறுக்கமாக வந்தது. வெங்காயம் உரித்தவர்கள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார்கள்.

பிறகு மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். அதுதான் அவர் எனக்குக் காட்டிய மரியாதை. "அடுத்த மாசம் எப்போதும்வென்றான் கொடைக்குக் கிட்டார் வாசிக்க மதுரையில ஒரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன். நீ அன்னைக்குக் கோரஸ்ல நின்னுக்கோ" என்றார்.

அது என் ஊர்

எப்போதும்வென்றான் நான் பிறந்த ஊர். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஆடு வளர்க்கிற குடும்பம். அப்பா போன பிறகும் அம்மா நாற்பது உருப்படி வைத்திருக்கிறாள். நான் திருநெல்வேலி விடுதியில் தங்கிப் படித்தபோது கிட்டார் பிடித்தவள். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக வேலைக்கு வந்த வருசமே தங்கராசு அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். இருபது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் நான் வாசிக்காத ஊர் கிடையாது, என் ஊரைத் தவிர. அங்கே கமிட்டி எப்போதும் திருநெல்வேலிக் குழுவைத்தான் கூப்பிடும். அம்மாவோ ஆடுகளை விட்டுவிட்டு இன்னொரு ஊருக்கு வந்து கச்சேரி கேட்கிற ஆள் இல்லை. ஆக, நான் மேடையில் வாசித்து என் அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வருசம்தான் முதன்முதலாக எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்த மேடையில் நான் கோரஸில் நின்று "ஆ" போட வேண்டுமாம்.

கோபத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் போன வாரம் சொன்னார். முயன்று பார்த்தேன். இந்த அத்தியாயத்துக்கு அது வரவில்லை.

டம்ளர் பரீட்சை

வெளியூர் வாசகர்களுக்கு டம்ளர் விவகாரம் விளங்காது. எங்கள் பக்கம் கொடைக்கு மைக் செட் பேசி வரவழைத்தால், கமிட்டிக்காரர் ஒருவர் சாயந்திரம் டீ டம்ளரோடு வருவார். பெட்டியின் மேல் டம்ளரை வைப்பார். பாட்டுப் போடச் சொல்வார். டீ நடுங்கினால் செட் நல்ல செட்டு. தளும்பிக் கீழே சிந்தினால் இன்னும் விசேஷம். அடுத்த வருசமும் அந்த ஆளுக்குத்தான் கொடை. டீ சும்மா இருந்தால் மூஞ்சி மாறிவிடும். "என்னய்யா, வீட்டு ரேடியோவைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா" என்பார்கள்.

காது என்று ஒன்று இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தொலைவில், ஊர்க் கடைசியில், பாட்டின் ஒரு வார்த்தையும் விளங்காமல் வெறும் "தும் தும்" மட்டும் வந்து ஜன்னல் கம்பி அதிர்ந்தால் அதுதான் கொடை. இதைக் கிண்டல் செய்து நானே பல மேடைகளில் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எரிகிறது.

மணியாச்சிப் பெட்டி

என் ஆம்ப்ளிஃபையர் வால்வு வைத்தது. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. கண்ணாடி வால்வுக்குள் மெதுவாக ஆரஞ்சு நிறம் ஏறி, ஒரு நிமிசம் கழித்துத்தான் வாய் திறக்கும். தூசி சூடாகிற ஒரு வாசம் வரும்.

மணியாச்சியில் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்துகொண்டு போன ஐரீன் ஆன்ட்டியிடம் வாங்கியது. அவருடைய கணவர் ரயில் ஓட்டியவர், கிட்டாரும் வாசித்தவர். அப்பா நல்ல கிடாய்களாகப் பார்த்து விற்று எனக்கு அதை வாங்கித் தந்தார். ரயில் பெட்டியில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தபோது அப்பா அதன் மேல் துண்டை விரித்து, யாரும் உட்கார்ந்துவிடாதபடி காவல் நின்றார். எதற்காக என்று கேட்கக்கூட இல்லை அந்த மனுஷன்.

அன்றைக்கு அதில் என் அடித் தந்தி, அந்த ஆறாவது தந்தி, எப்படிக் கேட்டது என்று இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாறையில் ஆட்டுக் குளம்பு பட்ட மாதிரி, டக், டக். ஒவ்வொன்றும் தனி.

பிறகு, கயத்தாற்றுக்கு இரண்டு வருசம் முன்னால் ஒரு கொடையில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றுபோனது. அண்ணாச்சி தானே முன்வந்து, "நான் கொண்டுபோய்ச் சரி பண்ணியாறேன், நீ அலையாத" என்று தூக்கிப் போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பேசியது. அவருக்கு நன்றி சொல்லி வீட்டில் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அதிலிருந்துதான் எல்லாம்.

ரெண்டு வருசம்

சத்தம் தளர்ந்துவிட்டது என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது. ஆனால் "கையில பலம் இல்ல" என்று அண்ணாச்சி சொன்னதும், பெட்டியை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்னும் தடித்த தந்தி போட்டேன். விரல் நுனி உரிந்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் இருக்க ஆம்ப் போடாமல், ஆறாவது தந்தியை மட்டும் ஒரு மணி நேரம் அடித்துப் பழகினேன். மணிக்கட்டு வலித்தது. டாக்டரிடம் போனேன். அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். வீட்டுக்காரர் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தைலம் தேய்த்துவிட்டார். கனத்த சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஆம்ப்ளிஃபையரில் இருக்கிற பேஸ் திருகைப் பூஜ்யத்துக்குக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் கூழ்தான். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் அண்ணாச்சி அதைத் திரும்ப ஏற்றி வைப்பார்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்று இருக்கிறது. நான் ஆய்வக உதவியாளர். வருசா வருசம் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்குக் கண்டென்சர், ரெசிஸ்டர், மீட்டர் எல்லாம் தட்டில் அடுக்கி வைக்கிறவள். சாலிடரிங் இரும்பு பிடித்துப் பழகிய கை இது. அந்தப் பெட்டியின் பின்பலகையில் இருப்பது ஆறு திருகாணி. இரண்டு வருசத்தில் ஒரு நாள் கூட நான் அதைக் கழற்றவில்லை. "உள்ள முன்னூறு வோல்ட்டுக்கு மேல இருக்கு, தொட்டுறாத, போய்ச் சேந்துருவ" என்று அண்ணாச்சி சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். ஒரு ஆள் மைக்கில் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

ஆறு திருகாணி

கயத்தாற்றுக் கொடை முடிந்த சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. ஆண்டு விழாவுக்கு வைத்திருக்கிற சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்று ஆய்வக அலமாரியில் கிடந்தது. கிட்டாரை அதில் மாட்டினேன். ஆறாவது தந்தியை நாலு முறை அடித்தேன்.

நாலு அடியும் நாலாக வந்தது.

திரும்ப அடித்தேன். வேகமாக அடித்தேன். எட்டு, பதினாறு. ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் சூடாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே வீட்டில் பின்பலகையைக் கழற்றினேன். வோல்ட்டேஜ் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னது உண்மைதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கி நிற்கும். ஒரு ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கினேன். மீட்டர் வைத்துச் சரிபார்த்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் தொட்டேன். பலம் இல்லாத அந்த வலது கையால்.

உள்ளே எல்லாம் பழைய வேலை, வரிசையாக, நூல் கட்டிய வயர்கள். அதற்கு நடுவில் இரண்டு புதுக் கண்டென்சர்கள், பொருத்தமே இல்லாமல் தடித்துப்போய் நின்றன. ஒன்று முதல் வால்வின் காலடியில். இன்னொன்று அந்த வால்விலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியில்.

இதை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் சத்தம் ஒரு வால்விலிருந்து இன்னொரு வால்வுக்குப் படியேறிப் போகும்; ஒவ்வொரு படியிலும் பெரிதாகும். வழியில் நிற்கிற கண்டென்சர் பெரிதாக இருந்தால் கனத்த சத்தம் முழுவதையும் உள்ளே விடும். சின்னதாக இருந்தால் கொஞ்சம் வடித்து அனுப்பும். எல்லாவற்றையும் உள்ளே விட்டால் அடுத்த வால்வு திணறிப் போகும். ஒரு அடியிலிருந்து அது மீண்டு வருவதற்குள் அடுத்த அடி வந்து விழும். ஐப்பசி மழையில் கரிசலில் நடந்தவர்களுக்கு இது தெரியும்: அடிக்கு அடி காலில் மண் அப்பிக்கொண்டு, பத்து எட்டு வைப்பதற்குள் காலே தூக்க வராது. பேஸ் திருகு இந்த இரண்டு வால்வுக்கும் அப்புறம் வருகிறது. கெட்டுப்போன பிறகு அதைக் குறைத்து என்ன பிரயோசனம்? அடிச்சத்தம் இறுக்கமாக வேண்டுமானால் முன்வாசலிலேயே குறைக்க வேண்டும். இது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்.

துரையின் டப்பா

கோவில்பட்டியில் இந்த வேலை பார்க்கிற ஆள் துரை. என்னைவிடப் பத்து வயசு சின்னவன். கடைக்குள் நுழைந்து அந்த இரண்டு கண்டென்சர்களையும் அவன் மேஜையில் வைத்தேன். கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"இது நீ போட்டதா துரை?"

எடுத்துப் பார்த்தான். "ஆமாக்கா. நம்ம அண்ணாச்சி போடச் சொன்னாவ."

"அது நின்னுபோனது இதனாலயா?"

"இல்லக்கா, ஃபியூஸ்தான் போயிருந்துது. அது மாத்தினதும் பேசிட்டு. 'கிட்டாரு பெட்டியில டம்ளர் ஆட மாட்டேங்கு, கமிட்டிக்காரன் மொதல்ல மேடை நடுவுல இருக்க அந்தப் பெட்டியத்தான் பாக்கான், பெருசா எதையாச்சும் போட்டு வுடு'ன்னாவ."

"நீயும் போட்டுட்ட."

"சொன்னேன்க்கா. அடித் தந்தி கொளகொளன்னு போயிரும், அக்காவுக்கு வாசிக்கக் கஷ்டமா இருக்கும்னு சொன்னேன். 'அது கெடக்கட்டும், டம்ளர் ஆடணும்'னாவ." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யுதாவன்னு நெனச்சேன்க்கா."

அப்படியானால் அவருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு பொம்பளைக் கை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரியும். என் தைலத்தின் வாசம் குழு வேன் முழுக்க அடித்தபோது, "நல்லாத் தேய்ச்சு வுடச் சொல்லும்மா" என்றாரே, அப்போதும் தெரியும்.

துரை எழுந்து போய்ப் பழைய கடலை மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்து வந்தான். கழற்றுகிற சாமான் எதையும் அவன் தூர எறிவதில்லை. பேப்பரில் சுற்றிப் பேர் எழுதிப் போட்டு வைப்பான். கிளறி ஒரு பொட்டலத்தை எடுத்தான். மேலே பால்பாயிண்டில் "பேச்சியக்கா ஆம்ப்" என்று இருந்தது. உள்ளே மஞ்சளாக இரண்டு சின்னக் கண்டென்சர்கள், என் சுண்டுவிரல் நகத்தளவு. துரைமேலும் கோபம் இருந்தது. அந்தப் பொட்டலத்தைப் பார்த்த பிறகு அதைப் பாதியாக்கிக்கொண்டேன்.

ஒத்திகையில்

பழைய கண்டென்சர்களையே திரும்ப வைத்து சாலிடர் செய்து, அடுத்த ஒத்திகைக்குச் சீக்கிரமே போய்ப் பெட்டியைச் சூடாக்கி வைத்தேன். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆறாவது தந்தியில் ஒரு வேகமான துண்டு வாசித்தேன். டக், டக், டக். டிரம்ஸ் வாசிக்கிற சேவியர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பண்ணுனீய? என் கிக் டிரம்மு தனியா, உங்க தந்தி தனியா கேக்குது. ரெண்டு வருசமா ரெண்டும் ஒண்ணா அடைஞ்சுல்லா கெடந்துது."

எழுந்து போய்த் தடித்த கண்டென்சர்கள் இரண்டையும் அண்ணாச்சியின் கீபோர்டு மேல் வைத்தேன். துரை சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அண்ணாச்சி அவற்றை விரலால் ஓரமாகத் தள்ளினார். "சரி, அதுக்கென்ன இப்ப? கச்சேரி நடக்கத்தானே செஞ்சுது. எப்போதும்வென்றானுக்கு நீயே வாசி. மதுரைக்காரனை வேண்டாம்னு சொல்லிருதேன்."

"அது போதாது அண்ணாச்சி. கைல ஒண்ணும் இல்ல, பெட்டியிலதான் கோளாறுன்னு மைக்குல சொல்லணும்."

"மைக்குல சொல்லுத விசயமா இது?"

"கை விசயத்த மைக்குல சொன்னீயளே."

அவர் பாட்டு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் கீழே பார்த்தார்கள். அன்றைக்கே எழுந்து போயிருப்பேன். என் ஊர் மேடை என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

எப்போதும்வென்றான்

கொடையன்று சாயந்திரம் டம்ளரோடு வந்தவன் என் சித்தப்பா மகன் முத்தையா. கமிட்டியில் இருக்கிறான். நேராக என் பெட்டியின் மேல் வைத்தான். அண்ணாச்சி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தார்.

நான் வாசித்தேன். டீ அசையவில்லை. ஆடை அப்படியே இருந்தது.

"என்னக்கா, செட்டு வேலை செய்யலையா?"

"செய்யுதுலே. டீயைக் குடி, ஆறிரும்."

அவன் குடிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து, மேடையோரம் நின்ற பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தான். சேவியர் கிக் டிரம்மை மிதித்தார். டீ தளும்பி முத்தையாவின் சட்டையில் தெறித்தது. "இங்கன ஆடுது" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான் விஷயம். டம்ளர் ஆடுவதற்கென்றே ஒரு பெட்டி எல்லா மேடையிலும் நாலு எட்டுத் தொலைவில் இருந்திருக்கிறது. என் பெட்டியைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது. அதற்காகத்தான் என் இரண்டு வருசம் போனது.

ஆறரைக்கு ஆரம்பித்தோம். அம்மா முதல் வரிசையில், ஆடுகளைத் தொழுவில் அடைத்துவிட்டு வந்து, புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்காமலே வாசித்தேன். பார்த்தால் தப்பு விழும். ஒன்பதரைக்கு முடித்ததும் மேடையோரம் வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுந்துது. எண்ணலாம் போல இருந்துது" என்றாள்.

அம்மா பொழுது சாய்கிற நேரத்தில் ஓடைக் கல்லில் ஆடுகள் ஏறும் குளம்புச் சத்தத்தை வைத்தே நாற்பதையும் எண்ணிவிடுகிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். தங்கராசு அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்குக் கை நல்லா இருந்துதும்மா."

இன்னைக்கு. அப்படியானால் மற்ற நாளெல்லாம் கைதான் சரியில்லையாம். ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்தேன். சுவிட்சைத் தள்ளி அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுல சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். பெட்டிகள் லேசாக இரைந்தன. "சாப்பாடு ரெடியா இருக்கு, எல்லாரும் பந்திக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, மைக்கை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

மைக் இன்னும் அணையவில்லை. சாப்பிட எழுந்தவர்கள் பாதி தூரம் போயிருந்தார்கள்.

"என் கைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். எட்டுப் பெட்டிகளிலும் அது கேட்டது. நல்ல கட்டாகவே கேட்டது. "ரெண்டு வருசமா என் கைக்கு ஒண்ணும் இல்ல."

ஊர் திரும்பிப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கீழே நின்ற அம்மா பதறிப்போய் இரண்டு படி ஏறி வந்து என் வலது கையைப் பிடித்தாள்.

"கைக்கு என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்றேன். "அதத்தான் சொல்லுதேன்."